கதவுக்கு அந்தப் பக்கம்

ஊசி முனையில் சோறு தேடி வளர்த்த ஒரே மகனை முதல் ஆளாகச் சேர்க்கை நேர்முகத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த அறிவியல் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் கூடத்தில், கையெழுத்திடாத பெற்றோர் சம்மதப் படிவத்தோடு அமர்ந்திருந்தாள் தையற்காரி. பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் வெந்நீர்க் குடுவையுடன், நிலைகொள்ளாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

“உங்க பிள்ளையும் உள்ளேதானா அண்ணே?”

“பொண்ணும்மா. பயத்துல காலையில ஒரு வாய்கூடச் சாப்பிடல.”

“எம்மவன் பாசியைப் பத்தி ஆராயணுமாம்! பாசி சோறு போடுமா? இதுல கையெழுத்துப் போட மனசே வரல.”

“நானும் அப்படித்தான் குதிச்சேன். புழுவைப் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறேன்னு கேட்டேன். ஒத்தைக் கால்ல நின்னு சாதிச்சுட்டா.”

கதவு திறந்தது. முகமெல்லாம் பல்லாக மகன் வந்தான். அவன் பின்னாலேயே வந்த பெண், பெரியவரின் குடுவையை வாங்கி மடமடவென்று குடித்தாள்.

“எப்படிம்மா போகுது?” என்றார் அவர்.

“இந்தத் தம்பிகிட்டப் பேசினதும் பயமெல்லாம் ஓடிப்போச்சுப்பா!”

மகன் தாயின் காதைக் கடித்தான். “எழுந்திரும்மா! என்னைக் கேள்வி கேட்ட பேராசிரியரே இவங்கதான். ‘எனக்கும் இன்னிக்குத்தான் முதல் நேர்முகம், நீ பயப்படாதே’ன்னு சொன்னாங்க.”

தையற்காரி எழவில்லை. பெரியவரிடம் கையை நீட்டினாள்.

“அண்ணே, பேனா இருக்கா?”