வீக்கம் இருக்கட்டும்

சினந்தேகா வட்டாரத்தில் கரும்பு வெட்டு முடியும் தறுவாய். உபால்டோ ஐஸ் பையோடு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"என்னால தாங்க முடியல நூபியா! வீக்கத்துக்கு ஒரே ஒரு மாத்திரை போட்டா என்ன?"

"மூச்! வீக்கத்தைக் குறைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?" என்றாள் மனைவி.

"கத்தி பட்டு நரம்பே அறுந்து போச்சு. கிள்ளினாக்கூடத் தெரியாம கை மரக்கட்டையா கெடக்கு. இதுல வீக்கம் வேறயா?"

"அந்த வீக்கந்தான் செத்த நரம்பைக் கூட்டித் தள்ளுதாம். அப்பத்தான் புதுசு வளருமாம். காஞ்ச தோகையக் கொளுத்தாம, வெட்டின கட்டையில மறுதாம்பு துளிர்க்குமாய்யா?"

"துளிர்க்கலேன்னா? அடுத்த வருசம் கத்தி பிடிக்க முடியலேன்னா?"

"உன் கண்ணீரை பாட்டில்ல அடைச்சு வித்துப் பொழைப்போம்."

உபால்டோ ஐஸ் பையை வீசிவிட்டு, அவளுடைய வீங்கிய வலது கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதான். வெட்டுக் கும்பலில் ஆண்களையெல்லாம் பின்னால் தள்ளிய கை அது.

"யோவ், தாடி குத்துது! எடு."

அவன் அழுகையை நிறுத்தினான்.

"எங்க குத்துது?"

"உள்ளங்கை ஓரத்துல..." என்றவள் அப்படியே நின்றாள்.

"சவரம் பண்ணிட்டு வரவா?"

"பண்ணிப் பாரு, கொன்னுடுவேன்" என்றாள், கையை இன்னும் அழுத்தி.