தலையாட்டல்

"எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டு வீட்டுல உக்காரப் போறியா? முக்கியமானதை மறைச்சு வை..."

"மறைச்சா மட்டும் என்னை வச்சுக்குவாங்களா? பிலிப்பைன்ஸ்ல அந்த மணிலாக்காரி பாதிச் சம்பளத்துக்கு வர்றா!"

நாளை அந்த மணிலாக்காரிக்குத் தேன்மொழி தன் கணினி வேலையைக் கற்றுத்தர வேண்டும். கணவன் மதியழகன் விடுவதாயில்லை. "உனக்குச் சொல்லிக் குடுத்த அமெரிக்காக்காரன் எதையும் மறைக்கலையாக்கும்?"

அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று அவர் அன்று வீடியோ அழைப்பில் கற்றுத்தந்ததன் பழைய பதிவைப் போட்டாள். வேலையை இவளிடம் இழந்த மனிதர், தம் கடைசி வாரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இளைய தேன்மொழி ஒன்றும் விளங்காமலே, புரிந்ததென்று பலமாகத் தலையாட்டினாள். அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். சிரித்தார். முதலிலிருந்து தொடங்கினார்.

"புரியலைன்னு நான் சொல்லவே இல்லையேங்க. இந்த மனுஷன் எதுக்கு மறுபடி ஆரம்பிக்கிறாரு?"