பின் பம்பரில் இரண்டு கண்

மாமனாரைக் குறிபார்த்து ரிவர்ஸ் கியரைப் போட்டான் சேது.

“நகராதீங்க மாமா! அப்படியே நில்லுங்க!” என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு, காரை மெல்லப் பின்னால் விட்டான். நாராயணசாமி வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக முப்பது வருஷம் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு நூறு பேரை வரிசையில் நிறுத்தியவர், இன்று மருமகன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு நின்றார்.

கார் நெருங்கியது. சத்தத்தைக் காணோம். இன்னும் நெருங்கியது. பம்பர் முட்டியில் உரசப்போகும் நேரத்தில் பெரியவர், “முருகா!” என்று அலறிக்கொண்டு பூச்செடிக்குள் தாவினார்.

“கத்தலையா?” என்று இறங்கி வந்தான் சேது.

“கத்தினேனே மாப்ளே, கேக்கலையா?” என்றார் அவர்.

கத்த வேண்டியது அவர் அல்ல. பின் பம்பரில் சேது நேற்றுப் பொருத்திய இரண்டு கறுப்பு வட்டங்கள். பின்னால் ஆளோ சுவரோ கிட்டே வந்தால் கண்டுகொண்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பஸ்ஸரைக் கத்த வைக்கும் சென்சார். சிங்கப்பூர் போய்வந்த நண்பன் உமாபதி வாங்கி வந்தது. “நம்ம காருக்கு முதுகுல ரெண்டு கண்ணு” என்று பத்தாங் பெர்ஜுந்தாய் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அந்த எண்பத்தொன்பதாம் வருஷத்தில் ஊரில் வேறு எந்தக் காரிலும் அது இல்லை.

எல்லாம் மனைவி அமராவதிக்காக. போன மாதம் சேது வேலைக்குப் போயிருந்த நாளில், வாசலில் தபால் பெட்டி நட்டிருந்த கட்டையில் கார் இடித்துப் புது பம்பர் நெளிந்துவிட்டது. அப்போது வீட்டில் இருந்தது அவளும், விருந்துக்கு வந்து இன்றுவரை ஊர் திரும்பாத அவள் அப்பாவும்தான். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாராம். லைசென்ஸ் எடுத்து ஆறு வாரம்கூட ஆகாத அமராவதி ஒன்றும் பேசாமல் நின்றாள். அன்றைக்கே சாவியைப் பிடுங்கி வைத்த சேது, “கட்டை ஓடி வந்து இடிச்சிச்சா?” என்று ஒரு மாதமாக அவளை ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

நாளை திங்கட்கிழமை. ரவாங் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அமராவதி சூப்பர்வைசராக நிற்கப்போகும் முதல் நாள். ஆறரைக்கு ஷிஃப்ட், முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். சேதுவோ ஐந்து மணிக்கே கோலசிலாங்கூருக்குக் கம்பெனி வேனில் போய்விடுவான். கார் இல்லையென்றால் அந்த வேலை வேறு ஆளுக்கு.

“இது கத்தலைன்னா சாவி கிடையாது. பின்னால பாக்கத் தெரியாத ஆள நம்பி எப்படி லா அனுப்புறது?” என்றான் சேது.

“ரவாங்குக்கு நான் பின்னாலயேவா போகப்போறேன்?” என்றாள் அமராவதி. வாய் சிரித்தது, கண் கலங்கியிருந்தது. அந்த வேலைக்காக ஐந்து வருஷம் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்துக் கம்பி ஒட்டியவள் அவள்.

செடியிலிருந்து வெளியே வந்த நாராயணசாமிக்கு மகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “அவளச் சொல்லிக் குத்தமில்ல மாப்ளே. அந்தக் கட்டை குட்டையா நிக்குது, கண்ணாடியில தெரியவே தெரியாது,” என்று பரிந்து பேசிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

சேது எஞ்சினை நிறுத்தி, கியரை ரிவர்ஸிலேயே விட்டு, சென்சாருக்குக் கரன்ட் போவதற்காகச் சாவியை மட்டும் திருப்பி வைத்தான். பாயை விரித்துக் காருக்கு அடியில் புகுந்தான். வயர் சரி, ஜாயின்ட் சரி. பிறகு என்னதான் கேடு என்று எரிச்சலாக வந்தது.

“என்னங்க, இந்தக் கறுப்பு வட்டத்துமேல இவ்வளவு சந்தனம் யாரு அப்பினது?” என்று மேலேயிருந்து கேட்டாள் அமராவதி.

“மாமாதான், காலையில பூசை போட்டாரே. புதுசா எது வந்தாலும் பொட்டு வைக்கணும்ல?” என்ற சேது, அப்படியே நாக்கைக் கடித்துக்கொண்டான். காலையிலிருந்து பத்து தடவை பார்த்த பொட்டுதான். புதுச் சாமானில் சந்தனமும் குங்குமமும் இல்லாதிருந்தால்தான் அவன் கண்ணுக்கு உறுத்தியிருக்கும்.

அமராவதி முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அடுத்த நொடி அவள் கையைக் கண்டுகொண்டு, “கீ... கீ... கீ...” என்று ஊரைக் கூட்டியது பஸ்ஸர். அவள் சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினாள். கீழே படுத்திருந்த சேதுவுக்கும் மனசு நிறைந்துவிட்டது. சாவியைக் கொடுத்துவிடலாம். “இனிமேலாவது பாத்து ஓட்டு” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுக்கலாம்.

சத்தம் கேட்டு நாராயணசாமி வாசலுக்கு ஓடி வந்தார். “கத்திருச்சா! மாப்பிள்ளை எங்கம்மா?”

சேது வெளியே வர நெளிந்தான். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த அவன் காலை அமராவதி செருப்பால் அழுத்தி மிதித்தாள். சேலையைக் கொஞ்சம் அகலமாக விரித்து மறைத்துக்கொண்டும் நின்றாள்.

“வயருல சுத்த டேப் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாருப்பா.”

பெரியவர் நிம்மதியாக மூச்சு விட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்கு எனக்குச் செஞ்சு குடுத்த சத்தியம் ஞாபகம் இருக்குல்ல தாயி?”

அமராவதி தேவைக்கு மேலேயே உரக்கச் சொன்னாள்:

“இருக்குப்பா, கார இடிச்சது நீங்கன்னு அவருகிட்ட நான் மூச்சு விட மாட்டேன்!”