தேறாத பம்பு

"நம்ம பம்பை அங்கே இழுத்திருக்கக் கூடாதுடா."

"அக்கா, முழுசாக் கேளு, இன்டர்வியூவுல அவங்க…"

"கேட்டாச்சு. நீ அவன்கிட்ட சொன்னதை உன் சிநேகிதன் ஒரு வரி விடாம எங்கிட்ட ஒப்பிச்சுட்டான்."

பட்டறையின் தகரக் கூரையில் இருக்கும் ஓட்டை வழியே விழும் மத்தியான வெயில், மேசைமேல் உள்ள பம்பின் வயிற்றில் காசளவு வட்டமாக நிற்கிறது. எஞ்சினியரிங் படித்த தம்பி போட்ட வரைபடம். லேத்தில் அக்கா கடைந்தெடுத்த உடம்பு. ஒன்றரை வருஷப் பாடு. இன்று அவன் வெள்ளைச் சட்டையில் எண்ணெய் பட்டுவிடாமல் எட்டி நிற்கிறான். நிதி நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டது.

"எதுல பணம் போடக் கூடாதுன்னு ஒரு உதாரணம் கேட்டாங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்சது இதுதானே."

"அதான் தூக்கிக் குடுத்துட்டே."

"இது விலைபோகாதுக்கா. நிஜத்தைத்தான் சொன்னேன்."

"பலே. நிஜத்துக்குக் கழுத்துல டை வேற."

அவன் கை டையைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. பம்பின் மூக்கில் ஒரு சொட்டு நீர் விழாமல் தொங்குகிறது. அக்கா அதைக் கந்தைத் துணியால், சளி பிடித்த பிள்ளைக்குத் துடைப்பதுபோலத் துடைக்கிறாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கிறாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. இது தேறாதுன்னு உனக்கு எப்பத் தெரியும்? இதுக்காக நான் கம்பெனி வேலையை விட்டேனே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"