பெரிய மனசு

"ஆளைக் கொல்ற வைரஸை ஏத்தி, நம்ம புது மருந்தையும் போட்டோம். பத்துக் குரங்கும் பிழைச்சிடுச்சு சார்!" என்றார் மருந்து ஆராய்ச்சிக் கூடத்தின் உதவி இயக்குநர்.

இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அதே வைரஸோடதானே உங்கம்மா நம்ம ஆஸ்பத்திரியில கிடக்கிறாங்க? முதல் ஊசி அவங்களுக்குத்தான்யா!"

உதவி இயக்குநர் அவசரமாகக் கையை ஆட்டினார். "வேண்டாம் சார். பக்கத்துக் கட்டில்ல ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருக்கா. அவளுக்குப் போடுங்க."

"பெத்த தாயைவிட அடுத்தவங்க உசுரு பெருசா! என்ன மனசுய்யா உனக்கு!" இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஓரமாக நின்று கூண்டு கழுவிக்கொண்டிருந்த நான் பிரஷைக் கீழே வைத்தேன்.

அந்தப் பத்துக் குரங்கும் போன வாரமே செத்து, எரித்தும் ஆகிவிட்டது. அவற்றின் கழுத்திலிருந்த நம்பர் தகடுகளைக் கழற்றிப் புதுக் குரங்குகளுக்கு மாட்டச் சொன்னதே இந்த உதவி இயக்குநர் புண்ணியவான்தான்.

மாட்டிய என் கையும் மற்றவர்களோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தது.