இரண்டு பரமசிவம்

போட்டோவில் பரமசிவம் இரண்டு இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இடது ஓரத்தில், நல்ல வெயிலில், மனைவி கனகவல்லியோடு.

வலது ஓரத்தில், பதினாறு மாடிக் கட்டடத்தின் நிழலில், ரோஹிணியோடு.

ரோஹிணி மூன்று மாதம் முன்பு பி விங்குக்குத் தனியாகக் குடிவந்தவள். கணவனை விட்டுவிட்டு வந்தவள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அதுவே போதுமானதாக இருந்தது.

முதலில் கண்டுபிடித்தவன் வாட்ச்மேன். பொங்கல் விழாவில் எடுத்த படத்தை ஆறடி நீளத்துக்கு பிரிண்ட் போட்டு, கிளப் ஹவுஸ் சுவரில் மாட்டியிருந்தார்கள். மராத்தி ஊரான வாகட்டின் அந்தக் குடியிருப்பில் வசிக்கும் தமிழர்கள் அறுபது பேரும் கூடியிருக்க, அவன்தான் திரையை விலக்கினான்.

"அரே! பரமசிவம் சாப், தோ தோ!" என்றான், இரண்டு விரலைக் காட்டி.

கைதட்டல் பாதியில் நின்றது.

சங்கத் தலைவர் ரவிசந்திரன் கிட்டப் போய்ப் பார்த்தார். அதே கட்டம் போட்ட சட்டை. சட்டையில் அதே சர்க்கரைப் பொங்கல் கறை. நிழலில் நின்றவருக்கு மட்டும் வாய் திறந்திருந்தது. முகமெல்லாம் வியர்வை.

"என்ன ராம்பிரசாத் இது?"

படம் எடுத்த ராம்பிரசாத்துக்கு வேலை ஹிஞ்சவடி ஐ.டி. கம்பெனியில், உயிர் கேமராவில்.

"பனோரமா சார். எல்லாரையும் அரைவட்டமா நிக்க வெச்சு, இடதுலேர்ந்து வலதுக்குக் கொஞ்சம் கொஞ்சமா கேமராவைத் திருப்பி எடுத்து ஒட்டறது. எடுத்து முடிக்க ரெண்டு நிமிஷம் ஆகும். இந்தப் பக்கம் முடிஞ்சதும் பரமசிவம் சார் வரிசைக்குப் பின்னாடி குனிஞ்சே ஓடி அந்தக் கோடிக்குப் போயிருக்கார்."

"அந்தக் கோடி ஒரே இருட்டா இல்ல இருந்துச்சு? இவ்வளவு தெளிவா எப்படித் தெரியறார்?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல ராம்பிரசாத்தின் முகம் மலர்ந்தது.

"கரும்பும் கோலமும் வெயில்ல, நம்ம சொசைட்டி பேர் போட்ட போர்டு நிழல்ல. ரெண்டும் வரணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? ஒரே அளவுல எடுத்தா வெயில்ல நிக்கிறவங்க சுண்ணாம்பு, நிழல்ல நிக்கிறவங்க கரி. அதனால ஒவ்வொரு இடத்துலயும் மூணு தடவை எடுத்தேன். வெயிலுக்கு ஒண்ணு, நிழலுக்கு ஒண்ணு, நடுவாந்தரமா ஒண்ணு. அப்புறம் ரெண்டு நாள் லீவு போட்டு மூணையும் கலந்தேன். பரமசிவம் சார் மூக்கு மேல இருக்கிற வியர்வையைக்கூட எண்ணலாம் சார்!"

"எண்ண வேண்டாம்" என்றார் பரமசிவம், தரையைப் பார்த்து.

"வெயில்ல ஒருத்தி, நிழல்ல ஒருத்தி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு பரவியது.

ரவிசந்திரன், மானத்தோடு தப்பிக்க ஒரு வழியைக் காட்டினார். "பரமசிவம், உங்ககூடப் பிறந்த இரட்டை யாராவது…?"

"ஆமா" என்று பிடித்துக்கொண்டார் பரமசிவம். "தம்பி. சோலாப்பூர்லேர்ந்து வந்திருந்தான்."

"அதே சட்டையிலயா?"

"ஒரே துணியில தெச்சது."

"பொங்கல் கறை?"

"அவனும்தான் சாப்பிட்டான்."

ரவிசந்திரன் தொண்டையைக் கனைத்தார். "இது குடும்ப விழாப் படம். ஊர்ல எல்லாருக்கும் அனுப்பணும். ராம்பிரசாத், அந்த நிழலை மறுபடியும் இருட்டாக்கிடுங்க. ரெண்டு பேரும் கரியாவே போகட்டும்."

"ஐயோ, கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த வெளிச்சம் சார்!"

"ஓட்டுக்கு விட்டுடலாம். நிழல் கறுக்கணும்கிறவங்க கை தூக்குங்க."

ஐம்பது கைகளுக்கு மேல் உயர்ந்தன. பரமசிவத்தின் கையும் அதில் இருந்தது.

கதவோரம் நின்றிருந்த ரோஹிணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "என்னை மட்டும் வெட்டி எடுத்துடுங்க சார். அவர் மேல தப்பில்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"நில்லும்மா."

கனகவல்லி. எழுந்து வந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிழலில் நின்ற கணவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஏங்க, சட்டையை இழுத்துவிட்டுக்கிட்டு நில்லுங்கன்னு சொல்லித்தானே அனுப்பினேன்? தொப்பை தெரியுது பாருங்க."

ரவிசந்திரனின் தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. "மேடம்… நீங்களா அனுப்பினீங்க?"

"பின்னே? எனக்கு முழங்கால் வலி. இல்லேன்னா நானே ஓடியிருப்பேன்."

"அப்ப இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே பரமசிவம்?"

"சொன்னா நான் ஏன் பக்கத்துல வந்து நின்னேன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சு போயிடுமே சார்" என்றார் பரமசிவம்.

கனகவல்லி ராம்பிரசாத் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அந்த நிழலை இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக்க முடியுமா?"

"தாராளமா முடியும் மேடம்!"

"ஆக்குங்க. இவங்க ரெண்டு பேருக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல நாலடிக்கு வெறும் புல்லு கிடக்கு பாருங்க. அந்தப் பொண்ணு வந்து நின்னதும் அங்கேயிருந்து வெயிலுக்கு ஓடினவங்க எல்லாரோட செருப்புத் தடமும் பளிச்சுனு தெரியணும்."