கையை இறக்குகிற காட்சி

தூ, அட்டைப்பெட்டியில் ஊர் கட்டியிருக்கிறான்.

படம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடமே லூயிஸுக்கு வெறுத்துப் போனது.

எழுபத்தெட்டில் இதே இங்கிலீஷ் படத்தைத் தங்கசாலைப் பக்கத்து தியேட்டரில் அவனும் ரஷீதும் ஆறு தடவை பார்த்தார்கள். அப்போது இரண்டு பேருமே ராயபுரத்தில் பேர் சொல்லும் குத்துச்சண்டைக்காரர்கள்.

பழைய சங்கதி எதையாவது காட்டினால் ரஷீதுக்கு நினைவு திரும்பலாம் என்று யாரோ சொன்னார்கள். லூயிஸ் பர்மா பஜாரில் அலைந்து சிடி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரஷீது வீட்டிலேயே போட்டான்.

ரஷீது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எண்பத்தொன்றில் கல்மண்டபத்தில் நடந்த பந்தயத்தில் மேடையிலேயே விழுந்தவன். அன்றிலிருந்து பேச்சில்லை. மனைவி மரியம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

படத்தில் வருங்காலம். அரசாங்கமே கிடையாது, கம்பெனிகள்தான் நாட்டை ஆள்கின்றன. ஜனங்களை மயக்கி வைக்க ஒரு விளையாட்டு. கம்பி வலைக்குள் இரும்புக் கையுறை மாட்டிய இரண்டு பேர், ஒருவன் சாகிறவரை குத்திக்கொள்ள வேண்டும்.

குத்தா அது? கொசு விரட்டுகிறான். ரத்தம் என்று ரோஸ்மில்க்கை ஊற்றியிருக்கிறான். எதிர்காலத்துக் கம்ப்யூட்டராம், சீரியல் லைட் மாதிரி மினுக்குகிறது. மாதா கோயில் திருவிழாவில்கூட இதைவிட நன்றாகக் கட்டுவார்கள்.

இதையா அன்றைக்கு விசிலடித்துப் பார்த்தோம்!

கடைசிக் காட்சி வந்தது. வலைக்குள் நாயகனும் அவனுடைய சிநேகிதனும். சிநேகிதன் தள்ளாடுகிறான். இன்னும் ஒரே குத்து. கொல்லு, கொல்லு என்று கூட்டம் அலறுகிறது.

நாயகன் கையை இறக்கிவிடுகிறான்.

லூயிஸ் ரஷீதின் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் அசையவில்லை.

டிவி பக்கம் திரும்பி, துப்பாத குறையாகச் சொன்னான்.

“சுத்த டூப்பு. ஜனம் அப்டி கத்துறப்போ எவன் கைய எறக்குவான்?”

மரியத்தின் கரண்டி பாதியில் நின்றது. இருபத்தோரு வருடமாக ஞாயிறு தவறாமல் வந்துபோகிறவன் அவன். கல்மண்டபத்துப் பந்தயத்தின் பேச்சை அவள் அதுவரை எடுத்ததே இல்லை.

“அன்னிக்கி நானும் மாடில நின்னு பாத்துகினுதான் இருந்தேண்ணே. ‘லூயிசு, போதும், வுட்டுடு’ன்னுதான் கத்துனாங்க.”